சாமி கும்பிடுகிறாள், தொடருங்கள்

அக்டோபர் 3, வியாழன்

இல்லை, அந்த மனிதரைப் பிடிக்காமல் இல்லை. அதுதான் எரிச்சல். பிடிக்காமல் போயிருந்தால் இந்த வேலை எளிதாக இருந்திருக்கும்.

ழெரார் வொக்லேன். எண்பத்தாறு வயது. பாரிசை ஒட்டிய மோந்த்ரேயில் சின்ன வீடு, மூட்டுவலி, மூன்று பூனைகள். நாற்பத்தொரு படங்கள். ஒன்றுகூட நல்ல படம் இல்லை என்று அவரே சொல்கிறார். ரத்தம் குடிக்கும் சீமாட்டிகள், பெண்கள் சிறை, கன்னிமாடத்துப் பேய், காட்டுவாசிகள். என் முதுகலை ஆய்வு இவரைப் பற்றித்தான். அதில் ஓர் அத்தியாயத்துக்கு ‘வறுமையின் அழகியல்’ என்று தலைப்பு வைத்தேன். பேராசிரியர் அதற்கு அடியில் கோடு போட்டு ‘அருமை’ என்று எழுதினார்.

நான் வேலை செய்யும் பெர்த்ராந்தின் கம்பெனி பழைய படங்களைப் புதுப்பித்து டிவிடி வட்டாக வெளியிடுகிறது. நவம்பர் பத்தாம் தேதி வொக்லேனுக்குப் பாராட்டு விழா. திரையிடப்போவது ‘பசித்த தேவியின் தீவு’. படத்துக்கு அடிவரிகள், அதாவது சப்டைட்டில், எழுதுவது என் வேலை. கிழவரைப் பேசவிட்டுப் பதிவு செய்வதும் என் வேலை.

“நான் கலைஞன் இல்லை, மத்மொசேல்” என்று ஆரம்பித்தார். “மிச்சம் மீதியைச் சூடு பண்ணிப் பரிமாறுகிறவன்.”

கோழித்தீவனக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுக்கப் போனவர். மிஞ்சிய ஃபிலிமை வைத்து அதே கோழிப்பண்ணையில் ஒரு ரத்தக்காட்டேரிப் படம் எடுத்தார். அது ஓடியது. பிறகு ஒரே கோட்டையை ஆறு படங்களில் காட்டினார். காலையில் கன்னிகாஸ்திரியாக நடித்த பெண் மதியம் சிறைக்காவலாளி. ஒரு வாரத்தில் இரண்டு படம். ஒவ்வொரு நாட்டிலும் படத்துக்கு வேறு பெயர், இயக்குநருக்கும் வேறு பெயர். கோட்டைக்காரி இறந்ததும் அவள் மகன் கதவைப் பூட்டிவிட்டான். அதன் பிறகு எல்லாமே காட்டுப் படங்கள்.

“காட்டுக்குச் சாவி கிடையாது” என்றார்.

காடு என்றால் ஃபோந்தேன்ப்லோ. பாரிசிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பனைமரங்களைத் தொட்டியோடு வாடகைக்கு எடுத்தார்கள். உற்றுப் பார்த்தால் தொட்டி தெரியும். ரசிகர்கள் உற்றுத்தான் பார்க்கிறார்கள்.

“உங்கள் படங்களில் பெண்களை ஏன் எப்போதும் கட்டிப்போடுகிறீர்கள்?”

“கட்டிப்போட்டால் நடிக்கத் தெரிய வேண்டியதில்லை.”

சிரித்தேன். பதிவில் என் சிரிப்புக் கேட்கிறது.

அக்டோபர் 5, சனி

துணி துவைக்கும் இயந்திரம் பழுது. பெரியப்பாவின் வேட்டியைக் குளியல்தொட்டியில் மிதித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பெரியப்பா வீட்டில்தான் எட்டு வருடமாக இருக்கிறேன். பதினெட்டு வயதில் காரைக்காலிலிருந்து படிக்க வந்தபோது, விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கியவர் அவர். சவரிநாதன். எல்லாருக்கும் சவரி. தபால் பிரிப்பு நிலையத்தில் முப்பது வருடம் வேலை. அதற்கு முன்னால் அவர் நடிகர்.

வீட்டில் இது வேடிக்கை இல்லை. கூடத்துச் சுவரில் கன்னி மரியாளுக்குப் பக்கத்தில் அந்தப் புகைப்படம்: தலையில் இறகு, முகத்தில் சுண்ணாம்பு, கையில் ஈட்டி. ‘பசித்த தேவியின் தீவு’. காட்டுவாசிக் கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். புறநகரில் புதிதாக வந்திறங்கியிருந்த புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால் மொழிபெயர்ப்பும் அவரே. படத்தில் அவருக்கு ஒரே ஒரு வசனம். பிரெஞ்சில். முகம் திரை முழுக்க. “நெருப்பு பொய் சொல்லாது.”

கல்யாண வீடுகளில் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சொல்வார். நான் சினிமா படிக்கப் போனதே இந்த வசனத்தால்தான்.

இன்று மீன் குழம்பு. பெர்த்ராந்த் அனுப்பிய அழைப்பிதழைக் கொடுத்தேன். விழாவில் வொக்லேனோடு அவரும் மேடை ஏற வேண்டும். நான்தான் ஏற்பாடு செய்தேன்.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை.

“கோட்டு ஒண்ணு தைக்கணும்” என்றார்.

“நடிகருக்கு இந்தக் கோட்டு ஆகாதாமா?” என்றார் பெரியம்மா. “இறகை வச்சுக்கிட்டுப் போங்க. அப்பத்தான் ஆளு அடையாளம் தெரியும்.”

“நீ பேசாதடி. அந்தக் காலத்துல கார்ழ் ஸ்டேஷன்ல என்னைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி கையெழுத்து கேட்டா.”

“டிக்கெட் பரிசோதகர்னு நினைச்சிருப்பா.”

பெரியப்பா எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

அக்டோபர் 9, புதன்

அடிவரி வேலை தொடங்கியது. பேச்சு குறைவு, அலறல் அதிகம். அலறலுக்கு ‘அலறுகிறாள்’ என்று போட வேண்டும், காது கேளாதோருக்காக. இன்று முப்பது தடவைக்கு மேல் அந்தச் சொல்லைத் தட்டினேன்.

வெள்ளைக்கார நடிகர்களுக்குப் பின்னால் ஸ்டூடியோவில் குரல் சேர்த்திருக்கிறார்கள். காட்டுவாசிகளுக்கு அந்தச் செலவு செய்யவில்லை. காட்டில் பதிவான குரலையே விட்டுவிட்டார்கள். என்ன பேசினால் என்ன, யாருக்குப் புரியப்போகிறது.

நாளை பலிபீடக் காட்சி.

அக்டோபர் 14, திங்கள்

நான்கு நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன்.

பலிபீடக் காட்சி. கறுப்பான இளம் பெண். கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து மரக்கிளையில் கட்டியிருக்கிறார்கள். காலடியில் நெருப்புத் தொட்டி. அவள் ஏதோ ஓதுகிறாள். தீவின் தேவி அவளுக்குள் இறங்கிவிட்டாளாம். ரசிகர்களுக்கு இதுதான் படம். நள்ளிரவுக் காட்சிகளில் எல்லாரும் எழுந்து நின்று, மணிக்கட்டுகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து ஓதுவார்கள். ஒலியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள். மாணவியாக இருந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். பறைச் சத்தமும் கூட்டத்தின் கத்தலும்தான் கேட்டது.

பழைய வட்டில் அந்த இடத்துக்கு அடிவரி: ‘அறியப்படாத மொழியில் மந்திரம்’.

இப்போது லாபிலிருந்து ஒலியைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். பறை வேறு, குரல் வேறு. பறையை அணைத்தேன்.

அவள் சொல்வது:

— அண்ணே, கை மரத்துப் போச்சு. நெருப்பு கிட்ட வருது. கால் சுடுதுண்ணே. நெசமாத்தான் சுடுது. அந்த ஆள்கிட்ட சொல்லுங்க. நான் நடிக்கலண்ணே. நிறுத்தச் சொல்லுங்க.

முதலில் ஒரு பெயர் வருகிறது. தெளிவாக இல்லை.

யாருக்கு அறியப்படாத மொழி?

அக்டோபர் 15, செவ்வாய்

பெர்த்ராந்திடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்தான். அதிர்ந்தது உண்மை. ஐந்து நிமிடம் நல்ல மனிதனாக இருந்தான்.

“ஆனால் யோசி, செலின். அந்த இடத்தின் மர்மம் போய்விடும். அவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.”

“ஒரு பெண் வெந்துகொண்டிருக்கிறாள்.”

“நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால்.”

“அதனால் ஆறிவிட்டதா?”

மாலையில் அவனே கூப்பிட்டான். குரலில் புது உற்சாகம். போடலாம், தாராளமாகப் போடலாம், இதையே பத்திரிகைகளுக்குச் சொல்லலாம், வட்டின் அட்டையிலும் ஒரு வரி, ‘நாற்பத்தைந்து ஆண்டு ரகசியம்’.

அனுமதி கிடைத்துவிட்டது. கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

மோந்த்ரே. கிழவருக்கு ஒலியைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வாக்கியமாகப் பிரெஞ்சில் சொன்னேன். பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் மன்னித்திருப்பேன் என்பதும் ஒரு வெட்கக்கேடு.

“நான் கேட்டேன்” என்றார். “காமிரா ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று மொழிபெயர்ப்பாளனிடம் கேட்டேன். சாமி கும்பிடுகிறாள், தொடருங்கள் என்றான்.”

“நம்பினீர்களா?”

“நம்புவதில் செலவு குறைவு.”

“அவள் கத்தினாளே.”

“கத்துவதற்குத்தானே கூட்டி வந்தோம்.” பிறகு, கெட்டவராகத் தெரியக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும்: “மத்மொசேல், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் மாதம். நாலரை மணிக்கு இருட்டிவிடும். அன்று நிறுத்தியிருந்தால் மறுநாள் கிடையாது. அடுத்து அந்தப் பையனின் வசனத்தை எடுக்க வேண்டும். இரண்டு நாளாக என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். எப்போது என் முறை, முசியே, எப்போது என் முறை.”

பையன் யார் என்று நான் கேட்கவில்லை.

அவரே சொன்னார். “சவரி. நல்ல பையன். விழாவுக்கு வருகிறானாமே.”

வரும்போது தோட்டத்தில் பறித்த பேரிக்காய் ஒரு பை நிறையக் கொடுத்தார். ரயிலில் விட்டுவிட்டு இறங்கினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

தெரியும். திங்கட்கிழமையே தெரியும். பெயர் தெளிவாகத்தான் கேட்கிறது.

சவரி அண்ணே.

அக்டோபர் 20, ஞாயிறு

பெரியப்பா பூசை முடிந்து வந்து, கோட்டு அளவு கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காது ஒலிப்பானை நீட்டினேன். வேறு எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. மாட்டிக்கொண்டார். படத்தில் அவர் இருக்கும் இடம் என்று நினைத்துச் சிரித்தபடியே மாட்டிக்கொண்டார்.

சிரிப்பு போவதைப் பார்த்தேன். அது ஒரே நேரத்தில் போகவில்லை. கண் முதலில், வாய் பிறகு.

கழற்றி மேசைமேல் வைத்தார். ஒயரைச் சுற்றினார், ஒழுங்காக, கடையில் வைத்ததுபோல.

“அந்தப் பொண்ணுக்கு அதுதான் கடைசி ஷாட்டு, பாப்பா. இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப் பிடிச்சா முடிஞ்சிடும்னு நினைச்சேன்.”

“ஒரு நிமிடமா?”

“அந்தப் பொண்ணு எப்பவுமே கொஞ்சம் பயந்த சுபாவம். எல்லாத்துக்கும் அண்ணே அண்ணேன்னு கூப்பிடும்.”

“பெயர் என்ன?”

தொலைக்காட்சியைப் போட்டார். சைக்கிள் போட்டி. ஒலியைக் கூட்டினார்.

பெரியம்மா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே சொன்னார்: “குணவதி. கிரெத்தேய்ல இருக்கு. ஸ்கூல் கேன்டீன்ல வேலை பார்த்துச்சு. எங்க கல்யாணத்துக்கு வரல. ஏன் வரலைன்னு அப்பவே கேட்டேன். உடம்பு சரியில்லைன்னாரு.”

நாற்பத்து மூன்று வருடம் அந்தப் பதிலோடு குடும்பம் நடத்தியிருக்கிறார்.

அக்டோபர் 23, புதன்

தலைவலி. வேலை செய்தேன். ‘அலறுகிறாள்’ என்பதை எல்லா இடத்திலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வேறு எத்தனை அலறல் நிஜம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான் அதில் இருந்தது.

அக்டோபர் 26, சனி

கிரெத்தேய். எட்டாவது மாடி. லிஃப்டில் யாரோ பூனை தொலைந்த விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்.

பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சந்திக்கப் போகிறோம் என்று நினைத்துப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சவரியோட தம்பி மவளா நீ? மூக்கு அப்படியே இருக்கு. உள்ள வா, செருப்பைக் கழட்டு” என்றார். குணவதி அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

நான் தயாரித்து வைத்திருந்த முன்னுரையைத் தொடங்கினேன். கையமர்த்தினார்.

“தெரியும். பேரன் போன்ல காட்டினான். பாட்டி, இது நீயாமேன்னான். வெள்ளைக்காரப் பசங்க கையைத் தூக்கிட்டு நான் சொன்னதையே சொல்றானுங்க. கோயில்ல சொல்ற மாதிரி. எங்க வீட்டுல யாருக்கும் தமிழ் அவ்வளவு வராது. அவனுக்குப் புரியல. நானும் சொல்லல.”

இடது கை விரல்களில் இரண்டு மடங்குவதில்லை. தட்டை அந்தக் கையின் உள்பக்கத்தில் தாங்கி வலது கையால் பரிமாறினார். கேன்டீனில் முப்பது வருடம் இப்படித்தான் என்றார். காலைக் காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை.

“வொக்லேன் மேல் கோபமில்லையா?”

“யாரு, அந்த ஆளா? அவனுக்கு என் பாஷை தெரியாது. தெரிஞ்சாலும் நிறுத்தியிருப்பானான்னு சந்தேகம்தான். அவனை எனக்கு யாருன்னே தெரியாதும்மா. சவரியைத் தெரியும். அவங்க வீட்டுக் கிணத்துலதான் நாங்க தண்ணி எடுத்தோம்.”

பருப்பை இறக்கினார்.

“ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிட்டுப் போனான். அதை ஒத்துக்கணும். வழியெல்லாம் அழுதான். அங்க டாக்டர் என்னாச்சுன்னு கேட்டாரு. நான் தமிழ்ல எல்லாத்தையும் சொன்னேன். கயிறு, நெருப்பு, எல்லாம். அவன் மொழிபெயர்த்தான். டாக்டர் தலையை ஆட்டினாரு. எனக்கு அப்ப பிரெஞ்சு தெரியாதுல்ல. ரெண்டு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது, அவன் என்ன சொன்னான்னு. சமைக்கும்போது எண்ணெய் கொட்டிக்கிட்டாளாம்.”

என்னால் சாப்பிட முடியவில்லை. திட்டினார். சாப்பிட்டேன்.

அடிவரியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். எழுதாமல் விட வேண்டுமென்றாலும் விடுகிறேன் என்றேன்.

“எழுதறதா இருந்தா முழுசா எழுது. பாதி எழுதாத.”

அக்டோபர் 29, செவ்வாய்

திரையில் இரண்டு வரிக்கு மேல் போடக் கூடாது. பேச்சு முடிவதற்குள் கண் படித்து முடிக்க வேண்டும். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுவது விளிப்பெயரை. இந்தத் தொழிலில் முதல் நாளே இதைக் கற்றுக்கொடுப்பார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது படத்திலேயே தெரிகிறதே.

அதன்படி பிரெஞ்சில் எழுதினேன்:

கை மரத்துவிட்டது. கால் சுடுகிறது.
நான் நடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லுங்கள்.

நன்றாக இருக்கிறது. சுருக்கம், தெளிவு. யாரும் குறை சொல்ல முடியாது. பெயர் விழுந்தது தொழில் விதியால்.

அக்டோபர் 30, புதன்

பாதி.

நவம்பர் 4, திங்கள்

கோட்டு வந்துவிட்டது. கருநீலம். பெரியப்பா கூடத்தில் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு வாரமாக இந்த வீட்டில் உப்பைக் கேட்பதற்கு மட்டும் வாயைத் திறக்கிறோம்.

என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. எட்டு வருடத்தில் ஒருநாளும் கேட்காமல் உள்ளே வந்ததில்லை. அதையும் எழுத வேண்டும்.

“எழுதிட்டியா, பாப்பா?”

“இன்னும் அனுப்பவில்லை.”

“எழுது. நான் எழுதாதேன்னு சொல்லல. அது சொன்னதெல்லாம் எழுது. பேரை மட்டும் எடுத்துடு.”

நான் மடிக்கணினியை மூடினேன்.

“எனக்கு அப்ப இருபத்து நாலு வயசு. இந்த ஊர்ல ஒருத்தனும் நம்மளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு வசனம் தரேன்னான். முகம் தெரியற மாதிரி, பேசற மாதிரி. உனக்கு இது புரியாது. நீ பிளேன்ல வந்து இறங்கினே, படிச்சே, பேசினே, அவனுங்க கேட்டானுங்க.”

“நான் பேசியதையும் அவர்கள் கேட்கவில்லை, பெரியப்பா.”

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வராங்க. லூசியன் குடும்பம், சம்மந்தி வீடு, எல்லாரும். நான் செத்ததுக்கப்புறம் போட்டுக்க. என்ன வேணா போட்டுக்க.”

“குணவதி அம்மாவிடம் ஒருமுறையாவது போய்ப் பேசினீர்களா?”

கோட்டின் தையல்கடைச் சீட்டு கைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

“என்னன்னு பேசறது?” என்றார்.

உண்மையான கேள்விபோல்தான் கேட்டார். என் கோபத்துக்கு அந்த நேரத்தில் நிற்க இடமில்லை. அதனால் இன்னும் கூடியது.

நவம்பர் 7, வியாழன்

விதியை மீறி மூன்று அடிவரிகளாகப் பிரித்தேன். அடுத்த காட்சிக்குள் கொஞ்சம் வழிகிறது. வழியட்டும்.

சவரி அண்ணே, கை மரத்துப்போய்விட்டது.
நெருப்பு கிட்டே வருகிறது. கால் சுடுகிறது, அண்ணே.

நிஜமாகவே சுடுகிறது.
அந்த ஆளிடம் சொல்லுங்கள்.

நான் நடிக்கவில்லை, அண்ணே.
நிறுத்தச் சொல்லுங்கள்.

அனுப்பினேன். பெர்த்ராந்த் கேட்டான், “சவரி என்பது யார்? உன் பெரியப்பா பெயர் மாதிரி இருக்கிறதே.” ஆமாம் என்றேன். இரவில் அவனிடமிருந்து குறுஞ்செய்தி: ‘விழாவுக்கு அவர் வருவது உறுதிதானே?’

இவனையெல்லாம் எதில் சேர்ப்பது.

நவம்பர் 9, சனி

பெரியப்பா கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும், “போட்டுட்ட” என்றார். கேள்வியாக இல்லை. என் துணிகளை மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். வழக்கமாக அலமாரியில் வைப்பார்.

நவம்பர் 10, ஞாயிறு

மதியம் மூன்று மணிக் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. முகத்தில் சுண்ணாம்பு பூசி வந்தவர்கள், தலையில் இறகு வைத்தவர்கள், எல்லாரும் என் வயதுக்காரர்கள், எல்லாரும் படித்தவர்கள். ஒரு பெண் தன் மணிக்கட்டில் கயிறு சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழகான பெண்.

நான்காவது வரிசையில் நம் ஆட்கள். பட்டுப்புடவைகள். நடுவில் கருநீலக் கோட்டு.

பனைமரத் தொட்டிக்குக் கைதட்டினார்கள். நடிகை வசனத்தை மறந்த இடத்துக்குக் கைதட்டினார்கள். பலிபீடம் வந்தது. எழுந்து நின்றார்கள். கைகள் மேலே போயின. ஓதத் தொடங்கினார்கள்.

அடிவரி வந்தது.

நான் எதிர்பார்த்த மௌனம் வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். முன்வரிசைகளில் சிலர் நிறுத்தினார்கள், கை மேலேயே இருந்தது. ஒருவன் சிரித்தான், நகைச்சுவைக்காகப் போட்டது என்று நினைத்திருப்பான். பின்னாலிருந்தவர்கள் படிக்கவே இல்லை, கடைசிவரை ஓதி முடித்தார்கள். கயிறு சுற்றிய பெண் உட்கார்ந்து கயிற்றைக் கழற்றினாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தாள்.

நம் வரிசையில் பெரியம்மா திரையைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூசியன் மாமா தன் மனைவியிடம் ஏதோ கேட்டார். அவர் திரையைக் காட்டினார்.

அடுத்த ஷாட் பெரியப்பாவின் முகம். வசனம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் தட்டவில்லை.

விளக்கு போட்டார்கள். வொக்லேனைக் கைத்தாங்கலாக மேடை ஏற்றினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அரங்கம் அடங்கும்வரை காத்திருந்தார். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“நாற்பத்தைந்து வருடம் கழித்து” என்றார், “என் படத்துக்கு ஒரு நல்ல வசனம் கிடைத்திருக்கிறது.”

சிரிப்பு. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தாராளமாக. பிறகு கைதட்டல். அவள் தோலையும் எடுத்துச் சூடு பண்ணிப் பரிமாறிவிட்டார். நான்தான் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

பெர்த்ராந்த் மைக்கில் பெரியப்பாவின் பெயரைச் சொன்னான். சவரி. சற்று முன் எல்லாரும் படித்த பெயர். அரங்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அப்படிப் போயிருந்தால் நான் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். மேடை ஏறினார். கிழவர் அவர் தோளில் கை போட்டார். கூட்டம் இரண்டு நொடி யோசித்துவிட்டுக் கைதட்டியது. தட்டுவதற்குத்தான் வந்திருந்தார்கள். பெரியப்பா இரண்டு கைகளையும் சேர்த்து, வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை கும்பிட்டார். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இப்போது விருப்பமில்லை.

நான் வீட்டுக்குப் போய்த் துணிகளைப் பையில் போட்டேன். சாவியைப் பெரியம்மாவின் தையல் பெட்டியில் வைத்தேன். கிரெத்தேய் ரயிலைப் பிடித்தேன்.

குணவதி அம்மா கதவைத் திறந்தார். பையைப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“முழுசா போட்டியா?”

“போட்டேன்.”

“சவரி பார்த்தானா?”

“பார்த்தார்.”

“என்ன பண்ணினான்?”

“மேடையில் ஏறிக் கும்பிட்டார்.”

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“அன்னைக்கும் அப்படித்தான்” என்றார். “என்னை இறக்கிப் படுக்க வச்சிருந்தாங்க. அவன் வசனம் முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. கும்பிட்டான்.”

பிறகு விலகி வழிவிட்டார்.

பையைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெங்காயம் உரிக்கச் சொன்னார். உரித்தேன்.